வெள்ளி ராத்திரி ஏறி, திங்கள் காலை வகுப்பில் உட்கார: சென்னை ஹாஸ்டலிலிருந்து நெல்லைக்குப் போய்வருவது எப்படி

சென்னையில் படிக்கும் திருநெல்வேலிப் பிள்ளைக்கு ஒரு வார இறுதியில் வீட்டில் கிடைப்பது சுமார் 37 மணி நேரம். சனிக்கிழமை காலை 7 மணி வாக்கில் ஜங்ஷனில் இறங்கினால், ஞாயிறு ராத்திரி 8 மணிக்கெல்லாம் மறுபடி பிளாட்பாரத்தில் நிற்க வேண்டியிருக்கும். இந்த 37 மணி நேரம் நல்லபடியாகக் கழிவது திரும்பி வரும் டிக்கெட்டைப் பொறுத்தது. அதனால் அதை முதலில் போடுங்கள்.

ஞாயிறு ராத்திரி சென்னைக்கு வரும் வண்டிகளில்தான் நெரிசல் அதிகம். மாணவர்களோடு, வேலை பார்ப்பவர்களும் திங்கள் காலை ஊர் சேர நினைப்பார்கள். போகும் டிக்கெட்டை மட்டும் போட்டுவிட்டு 'வருவதை அங்கே போய்ப் பார்த்துக்கலாம்' என்று கிளம்பினால், ஞாயிறு மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க போனும் கையுமாகவே கழியும். அம்மா பரிமாறுவது கண்ணில் படாது.

டிக்கெட்

ரயில் முன்பதிவு பயண நாளைச் சேர்க்காமல் 60 நாளுக்கு முன் காலை 8 மணிக்குத் திறக்கும். 2024 நவம்பருக்கு முன் இது 120 நாளாக இருந்தது. அண்ணன், அக்கா சொல்லும் பழைய கணக்கை வைத்துக்கொள்ளாதீர்கள். ஜனவரி 9 பயணம் என்றால் நவம்பர் 10 காலை. செமஸ்டர் அட்டவணை கைக்கு வந்த அன்றே போகக்கூடிய இரண்டு மூன்று வார இறுதிகளைக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் போனில் நினைவூட்டல் வைத்துவிடுங்கள். ஐஆர்சிடிசி கணக்கில் ஆதாரை முன்கூட்டியே சரிபார்த்து வைப்பது கட்டாயம். முன்பதிவு திறந்தவுடன் ஆன்லைனில் எடுப்பது ஆதார் சரிபார்த்தவர்களுக்கு மட்டும்தான். தட்கலுக்கும் அதே விதி. தட்கல் பயணத்துக்கு முந்தின நாள் ஏசிக்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது. உள்தேர்வு தேதி மாறும் வாய்ப்புள்ள வாரத்தில் தட்கல் வேண்டாம்.

வெயிட்டிங் லிஸ்ட் என்றால் எந்த வகை என்று பாருங்கள். வண்டி கிளம்பும் ஊரிலிருந்து போடும் பொது வெயிட்டிங் நகர்வதுபோல, இடையில் உள்ள ஊர்களுக்கான வெயிட்டிங் நகராது. கோவில்பட்டிக்காரர்கள் ஊருக்குப் போகும்போது திருநெல்வேலி வரை எடுத்துவிட்டு கோவில்பட்டியில் இறங்கலாம். வரும்போது திருநெல்வேலியிலிருந்து எடுத்து, ஏறும் நிலையத்தைக் கோவில்பட்டி என்று குறிப்பிடலாம். சில ரூபாய் கூடும், படுக்கை கிடைக்கும் வாய்ப்பும் கூடும். ஆனால் ஏறும் நிலையத்தை மாற்றியபின் பழைய நிலையத்தில் ஏற உரிமை கிடையாது. எழும்பூரிலிருந்து எடுத்து, ஏறும் நிலையத்தைத் தாம்பரம் என்று மாற்றுபவர்களுக்கும் இது பொருந்தும். ஆன்லைனில் எடுத்தது கடைசிவரை வெயிட்டிங்கிலேயே நின்றால் தானாக ரத்தாகிப் பணம் கணக்குக்கு வந்துவிடும். அதை வைத்துக்கொண்டு ஸ்லீப்பரில் ஏற முடியாது.

இன்னொரு தவறு தேதியில் நடக்கும். திருச்சியில் படிப்பவர்கள் தெற்கே போகும் ராத்திரி வண்டியில் நள்ளிரவுக்குப் பிறகு ஏறுவார்கள். எழும்பூரில் வெள்ளியன்று கிளம்பிய வண்டி திருச்சிக்கு வரும்போது சனிக்கிழமை ஆகியிருக்கும். வெள்ளி என்று தேதி போட்டால் கையில் இருப்பது முந்தின ராத்திரி வண்டியின் டிக்கெட்.

பணம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, வெள்ளி மதியம் வகுப்பு இல்லை என்றால் எழும்பூர் - நெல்லை வந்தே பாரத் நல்ல வழி. 2023 செப்டம்பரிலிருந்து ஓடுகிறது. பிற்பகல் 3 மணிக்குச் சற்று முன் கிளம்பி, எட்டு மணி நேரத்துக்குள் ஊரில் விட்டுவிடும். சொந்தப் படுக்கையில் ஒரு ராத்திரி கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் இதற்காக வகுப்பைக் கட் அடிக்காதீர்கள். 75 சதவீத வருகைக் கணக்கில் வெள்ளி மதிய லேப்தான் பலருக்கும் கடைசியில் காலை வாரும்.

பஸ் என்றால் தென்மாவட்ட வண்டிகள் 2023 டிசம்பர் 30-இல் திறந்த கிளாம்பாக்கம் பேருந்து முனையத்திலிருந்துதான். வெள்ளி மாலை ஜி.எஸ்.டி. சாலையில் மாநகரப் பேருந்தை நம்பினால் பெருங்களத்தூரிலேயே நேரம் போய்விடும். தாம்பரம் அல்லது வண்டலூர் வரை மின்சார ரயில், அங்கிருந்து பஸ் என்று போங்கள். கிண்டிப் பக்கம் இருப்பவர்கள் பஸ் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன் ஹாஸ்டல் கேட்டைத் தாண்டியிருக்க வேண்டும். சீட் எடுக்கும்போது கடைசி இரண்டு வரிசைகளைத் தவிருங்கள். பின் சக்கரத்துக்கு அப்பால் இருப்பதால் தூக்கித் தூக்கிப் போடும்.

புறப்படும் முன்

அவுட் பாஸை வியாழக்கிழமையே எழுதிக் கொடுங்கள். வார்டன் வீட்டுக்குப் போன் போட்டு உறுதி செய்யும் ஹாஸ்டல் என்றால், அப்பா வேலையில் போனை எடுக்காத நேரம் எது என்று முன்னதாகச் சொல்லி வையுங்கள். வெள்ளி மாலை 5 மணிக்கு வார்டன் அறை வாசலில் நிற்கும் வரிசை நீளமானது.

அம்மாவிடம் "என்ன வாங்கிட்டு வரட்டும்?" என்று கேட்டால் "ஒண்ணும் வேண்டாம்யா, நீ வந்தா போதும்" என்றுதான் பதில் வரும். அப்படிக் கேட்காதீர்கள். "ஆச்சி மாத்திரை அட்டையை வாட்ஸ்அப்புல போட்டோ எடுத்து அனுப்புங்க", "அப்பா கண்ணாடி ஃபிரேம் உடைஞ்சுதே, மாத்தியாச்சா?" என்று கேளுங்கள். அப்போதுதான் உண்மையான தேவை வெளியே வரும்.

ஊரில் முடிக்க வேண்டிய அலுவல் வேலை இருந்தால் காலண்டரைப் பாருங்கள். இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் வங்கி கிடையாது. கல்வி உதவித்தொகைக்கு வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் வேண்டுமென்றால் இ-சேவை மூலம் விண்ணப்பிக்கலாம். தாலுகா அலுவலகத்துக்கு சனி, ஞாயிறு விடுமுறை. அதனால் அதே வாரத்தில் கைக்கு வரும் என்று எண்ணாமல், கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முந்தைய பயணத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

வண்டியில் ஏறியதும் முதல் வேலை போனுக்கு சார்ஜ் போடுவது. ராத்திரி 11 முதல் காலை 5 வரை ரயில்வே சார்ஜ் முனைகளை அணைத்து வைப்பது வழக்கம். கல்லூரி அடையாள அட்டையைப் பையின் அடியில் போடாதீர்கள். போட்டோ இருந்தால் டிக்கெட் பரிசோதகரிடம் அதையே காட்டலாம்.

அந்த 37 மணி நேரம்

வீட்டுக்குள் நுழைந்ததும் அழுக்குத் துணியை ஊற வைத்துவிடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலத்தில் ஜீன்ஸ் ஒரே நாளில் காயாது. ஈரத்தோடு பையில் திணித்தால் திங்களன்று எல்லாத் துணியும் வீச்சமடிக்கும். அந்த மாதங்களில் மெல்லிய துணிகளை மட்டும் கொண்டு வாருங்கள்.

நண்பர்களுக்குச் சனி மாலை 5 முதல் 8 வரை ஒதுக்குங்கள். ஒருத்தன் கோவையில், ஒருத்தி மதுரையில் என்று சிதறியிருப்பவர்கள் ஒரே வாரத்தில் வர, இரண்டு மாதம் முன்பே டிக்கெட் திறக்கும் நாளில் பேசிக்கொள்வதுதான் வழி. ராத்திரிச் சாப்பாடு வீட்டில்தான் என்பதை முதலிலேயே நண்பர்களிடம் சொல்லிவிடுங்கள். அம்மா மாவை ஆட்டி வைத்துக் காத்திருப்பார். ஞாயிறு காலை ஆற்றுக்குப் போவதென்றால் ஆறு மணிக்கே போய்விடுங்கள். தாமிரபரணியில் குறுக்குத்துறை முருகன் கோயிலையே மூழ்கடிக்கும் வெள்ளம் வரும். வடகிழக்குப் பருவமழை நாட்களில் தண்ணீர் கலங்கி வந்தால் படித்துறையில் கால்கூட நனைக்க வேண்டாம்.

ஞாயிறு மதியத்துக்குப் பிறகு வெளியே எந்த வேலையும் வைக்காதீர்கள். கூடத்தில் அப்பா பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்க அந்த நேரம் வேண்டும். சொல்ல நினைத்ததை அப்பாக்கள் பெரும்பாலும் அப்போதுதான் சொல்வார்கள்.

கட்டுச்சோறும் பொடியும்

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் புளியோதரை கட்டினால், ஒரு பங்கு பச்சரிசிக்கு இரண்டு பங்கு தண்ணீர் போதும், சோறு உதிரியாக வரும். அகலத் தாம்பாளத்தில் பரப்பி, இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு, ஃபேனுக்குக் கீழே 20 நிமிடம் ஆறவிட வேண்டும். சூட்டோடு மூடினால் ஆவி நீராகி உள்ளேயே சொட்டும், சோறு நசநசத்துச் சீக்கிரம் கெடும். நன்கு ஆறியபின் புளிக்காய்ச்சலைக் கலந்து, தணலில் வாட்டிய வாழையிலையில் கட்டுங்கள். வாட்டாத இலை மடிக்கும்போதே கிழியும்.

இட்லி என்றால் ஆறு இட்லிக்கு மூன்று ஸ்பூன் மிளகாய்ப் பொடி, நான்கு ஸ்பூன் நல்லெண்ணெய் குழைத்து இரு பக்கமும் தடவி அடுக்குங்கள். தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம், ராத்திரிக்குள் ஊசிப்போகும்.

ஹாஸ்டலுக்குப் புளிக்காய்ச்சல் கொடுத்துவிட்டால், எண்ணெய் மேலே தெளிந்து நிற்கும்வரை கொதித்திருக்க வேண்டும். பாட்டிலில் ஒரு விரல் அளவு இடம் விட்டு நிரப்பி, வாயில் பாலித்தீன் வைத்து மூடியைத் திருகி, அந்தப் பாட்டிலை எவர்சில்வர் சம்படத்துக்குள் நிமிர்த்தி வையுங்கள். எண்ணெய் கசிந்தால் சம்படத்தோடு நிற்கும், ரெக்கார்டு நோட்டுக்குப் போகாது. கரண்டியில் துளி ஈரம் இருந்தாலும் பூசணம் பிடிக்கும்.

திங்கள் காலைக்கு வேண்டிய சட்டை, ரெக்கார்டு, லேப் கோட் மூன்றையும் பையின் மேலே வைத்துக்கொள்ளுங்கள். தென்சென்னைக் கல்லூரிக்காரர்கள் எழும்பூர் வரை போகாமல் தாம்பரத்திலேயே இறங்கி மின்சார ரயில் பிடித்தால் அரை மணி நேரமாவது மிச்சம். ஹாஸ்டலில் காலை ஏழரைக்கு மேல் தண்ணீர் நிற்கிற வழக்கம் இருந்தால், அறைத் தோழனிடம் ஞாயிறு ராத்திரியே ஒரு வாளி பிடித்து வைக்கச் சொல்லுங்கள். அவனுக்கும் சேர்த்து நாலு முறுக்கைத் தனியாகக் கட்டச் சொன்னால் அம்மா மறுக்க மாட்டார்.