அப்பாவின் இடது கைக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி

பக்கவாதம் வந்து அப்பாவின் இடது கை மடங்கிப்போனதும், பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு ரப்பர் பந்து தந்தார்கள். விரல் ஏற்கெனவே இறுகியிருக்கிறது, பந்தை அழுத்தினால் இறுக்கம் கூடலாம் என்று சொல்லி, கண்ணாடிப் பெட்டி செய்யச் சொன்னார் பிசியோதெரபிஸ்ட்.

ஒரு பக்கம் திறந்த அட்டைப்பெட்டியின் வெளிச்சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடியை ஒட்டுங்கள். கூர்மையான ஓரங்களுக்கு டேப் சுற்றிவிடுங்கள். மேசையில் அவர் நெஞ்சுக்கு நேராக, கண்ணாடி நல்ல கையைப் பார்க்கும்படி வையுங்கள். முடங்கிய கை பெட்டிக்குள் போகட்டும். வாட்ச், மோதிரம் இரண்டையும் கழற்றுங்கள். இல்லாவிட்டால் பிம்பம் அந்தக் கை போலவே தெரியாது. (மோதிரத்துக்கு அப்பாவிடம் இரண்டு நாள் கெஞ்சினேன்.)

அப்புறம் நல்ல கையை மெல்ல மூடித் திறக்க வேண்டும். உள்ளங்கையைத் திருப்ப வேண்டும். கட்டைவிரலால் ஒவ்வொரு விரலையும் தொட வேண்டும். கண் கண்ணாடியிலேயே இருக்கட்டும். உள்ளே இருக்கும் கையும் முடிந்தவரை முயலட்டும். முடங்கிய கையே அசைவதாக மூளைக்குத் தோன்றும், அதுதான் சூட்சுமம். தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில், கை இழந்தவர்கள் இல்லாத கையில் உணரும் மாய வலிக்காகச் செய்து பார்த்த உத்தி இது.

நாங்கள் தினமும் 15 நிமிடம் செய்தோம். தலை சுற்றினாலோ தோள் வலித்தாலோ நிறுத்திவிடுங்கள்.

டூத் பிரஷ் பிடிக்க, ஏசி பைப்புக்குப் போடும் கறுப்பு ஸ்பாஞ்ச் குழாயை ஒரு சாண் வெட்டிக் காம்பில் மாட்டினேன். அதற்கு மட்டும் அப்பா மறுப்பே சொல்லவில்லை.