ஊர்ச் சாமியாரின் வரலாற்றை எழுதப் புகுவோருக்கு

யாழ்ப்பாணத்துப் பல ஊர்களில் ஒரு சமாதியோ ஒரு மடமோ ஒரு மரத்தடியோ இருக்கிறது. அங்கே இருந்த சாமியாரைப் பற்றிக் கேட்டால் ஊரவருக்குச் சொல்ல நிறைய இருக்கும். எழுதிவைத்தது ஏதும் உண்டா என்று கேட்டாலோ, பழைய குருபூசை மலர் ஒன்றில் வந்த இரண்டு பக்கக் கட்டுரைக்கு மேல் கிடைப்பது அரிது. 1981இல் பொது நூலகத்தோடு எரிந்த ஏடுகளும், 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வீடுகளில் விட்டுவிட்டு வந்த பெட்டகங்களோடு அழிந்த கொப்பிகளும் இனித் திரும்பப் போவதில்லை. எஞ்சியிருப்பது எண்பது வயதைக் கடந்தவர்களின் நினைவு ஒன்றே. அதைக் கேட்டு எழுத விரும்பும் இளையவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில வழிமுறைகளைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் பழக வேண்டியது நம் பேச்சில் ஏற்கெனவே இருக்கும் ஒரு நுட்பத்தைக் காதில் வாங்குவது. ஒரு முதியவர் "சாமியை நான் தேரடியிலை கண்டனான்" என்பார்; அதே மூச்சில் "அப்புவும் கண்டவர்" என்பார்; பிறகு "சாமி அண்டைக்கு மழையிலை நனையாமல் வந்தவராம்" என்பார். கண்டனான், கண்டவர், வந்தவராம் ஆகிய இம்மூன்றும் மூன்று வகையான சாட்சியம். முதலாவது சொன்னவரே கண்டது. இரண்டாவது அவருக்கு நெருங்கிய ஒருவர் கண்டது. மூன்றாவது யார் கண்டது என்று தெரியாமல் ஊரில் வழங்கி வருவது. சொல்லின் ஈற்றில் வரும் அந்த 'ஆம்' ஒலிக்கு ஒரு கணந்தான் எடுக்கிறது. ஆனால் தாம் எதற்குப் பொறுப்பு, எதற்குப் பொறுப்பில்லை என்பதை அந்த முதியவர் அதற்குள் நேர்மையாகச் சொல்லி முடித்துவிடுகிறார். எழுத்து நடைக்கு மாற்றும்போது நாம் முதலில் வெட்டி எறிவது இந்த ஈற்றைத்தான்.

நானும் அப்படி வெட்டியவன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மலருக்காக ஓர் ஆச்சியிடம் கேட்டு எழுதியபோது, அவர் 'ஆம்' போட்டுச் சொன்ன ஐந்தாறு நிகழ்ச்சிகளையும் "நிகழ்ந்தது", "குணமாக்கினார்" என்று உறுதியான வினைமுற்றுகளாக மாற்றி அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். மலர் வந்த பின் அதை வாசித்துக் காட்டினேன். அவர் கோபிக்கவில்லை, "நான் கண்டதெண்டு சொல்லேல்லையே, தம்பி" என்று மட்டும் சொன்னார். ஐம்பது ஆண்டுகளாக அவர் காத்துவந்த ஒரு வேறுபாட்டை நான் ஒரே மாலைப்பொழுதில் அழித்துவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. மலரோ அதற்குள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அடியார் வரலாறு வளரக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் "செம்மையே திருநாளைப்போவார்க்கும் அடியேன்" என்ற அளவில் திருநாளைப்போவாரை, அதாவது நந்தனாரை, வணங்கிச் செல்கிறார். பதினொரு பாடல்களில் எல்லா அடியாரையும் பாடி முடிக்க வேண்டியவருக்கு அதற்கு மேல் இடமில்லை. நம்பியாண்டார் நம்பி தம் அந்தாதியில் அதைச் சற்று விரிக்கிறார். சேக்கிழார் நான்காயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களைக் கொண்ட புராணத்தில் ஒரு முழு வாழ்க்கையாகவே பாடுகிறார். 1852இல் நம் ஆறுமுக நாவலர் அந்தப் புராணத்தை வசனமாக எழுதி அச்சிடுகிறார். எந்தச் செய்தி எந்தப் படியில் வந்து சேர்ந்தது என்பதை இன்றும் நாம் பார்க்க முடிவதற்குக் காரணம், நான்கு நூல்களும் தனித்தனியே நம் கையில் இருப்பது. உங்கள் கொப்பியிலும் அப்படியே செய்யுங்கள்: ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடு குழைத்து ஒரே கதையாக்காமல், ஒவ்வொருவருக்கும் தனிப் பக்கம் ஒதுக்கி, மேலே சொன்னவரின் பெயர், வயது, ஊர், கேட்ட நாள் ஆகியவற்றை எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.

வீடுகளுக்குப் போவதற்கு முன், அந்தச் சாமியார் பாடல்களோ கடிதங்களோ விட்டுச் சென்றிருந்தால் அவற்றை முழுதும் வாசித்துவிட வேண்டும். அவரைப் பற்றிப் பிறர் சொல்வதெல்லாம் அவர் தம்மைப் பற்றிச் சொன்னதற்குப் பின்னரே வரும். யோகர் சுவாமிகளை எடுத்துக்கொள்வோம். 1872இல் பிறந்து, கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலைக் களஞ்சியத்தில் உத்தியோகம் பார்த்து, அதை விட்டுக் கொழும்புத்துறைக் கொட்டிலில் அமர்ந்து, 1964இல் சமாதியடைந்த அவர், நல்லூரில் தம் ஆசானைக் கண்டதையும் அந்த ஆசான் "நீ யாரடா" என்று அதட்டியதையும் தம் பாட்டிலேயே சொல்லியிருக்கிறார். அந்தச் சந்திப்பைப் பற்றி ஊரில் எத்தனையோ விதமாகக் கேட்கலாம். ஆனாலும் பாட்டில் உள்ளது அவர் வாக்கு, மற்றவை நம் நினைவு என்ற வரிசை மாறக் கூடாது. அவருடைய நற்சிந்தனைப் பாடல்களும் 1935இல் தொடங்கிய 'சிவதொண்டன்' இதழ்களும் கிடைக்கக்கூடியவை. வாசிக்காமல் போவதற்குச் சாட்டில்லை.

அவருடைய குருவான செல்லப்பா சுவாமிகள் நூல் எதுவும் எழுதவில்லை. நல்லூர்த் தேரடியில் தமக்குத் தாமே பேசிக்கொண்டும் கண்டவரை ஏசிக்கொண்டும் இருந்த அவரைப் பலர் 'விசர்ச் செல்லப்பா' என்றே அழைத்தார்கள். ஆயினும் அவர் வாயிலிருந்து வந்த "எப்பவோ முடிந்த காரியம்", "நாம் அறியோம்", "ஒரு பொல்லாப்பும் இல்லை", "முழுதும் உண்மை" என்ற நான்கும் இன்று மகாவாக்கியங்களாகப் போற்றப்படுகின்றன. இதில் கவனிக்க வேண்டியது, யாரும் 'எப்பவோ' என்பதை 'எப்போதோ' என்று திருத்தவில்லை என்பதே. திருத்தியிருந்தால் பொருள் கெட்டிருக்காது, ஆனால் தேரடியில் எழுந்த அந்தக் குரல் போயிருக்கும். ஆகவே சாமியார் சொன்னதாக ஒருவர் ஒரு வாக்கை எடுத்துச் சொல்லும்போது, அது பேச்சு வழக்கில் இருந்தாலும் ஏச்சாக இருந்தாலும் எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள். 'விசர்' என்று சொன்னவர் சொன்னால் 'ஞானப்பித்து' என்று அழகுபடுத்த வேண்டாம். இறைகாதலில் மயங்கியவரை 'மஸ்தான்' என்று இஸ்லாமிய ஞானியரான சூபிகள் அழைத்ததும் இதே பார்வையில்தான். தமிழில் பாடிய சூபியான குணங்குடி மஸ்தான் சாகிபு அந்தச் சொல்லைத் தம் பெயரோடு சேர்த்தே வாழ்ந்தார்.

ஒவ்வொரு செய்திக்கும் பின் "இதை உங்களுக்குச் சொன்னவர் ஆர்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். பெரியகடைப் பக்கம் திரிந்து நீராவியடியில் சமாதி கொண்ட கடையிற்சுவாமிகள், அவருக்குப் பின் செல்லப்பா, அவருக்குப் பின் யோகர் என்று நாம் பரம்பரை சொல்கிறோம். சூபிகளும் தங்கள் குருமார் வரிசையை 'சில்சிலா' என்று பெயர் பெயராக ஓதி வைத்திருக்கிறார்கள். ஞானம் வந்த வழிக்கு இத்தனை கவனம் செலுத்திய மரபுகளில், கதை வந்த வழிக்கும் அதே கவனம் தரப்பட வேண்டும்.

முஸ்லிம் பெரியார்களைப் பற்றிக் கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு பெரிய தடை உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் முஸ்லிம்களை வடக்கிலிருந்து வெளியேற்றியதால், யாழ்ப்பாணத்து முஸ்லிம்களின் குடியிருப்பான சோனகத் தெருவின் நினைவுகளைச் சுமப்பவர்களில் பலர் இன்று புத்தளத்திலும் கொழும்பிலும் வாழ்கிறார்கள். திரும்பி வந்தவர்களை மட்டும் கேட்டுவிட்டு "யாழ்ப்பாணத்து முஸ்லிம்களிடம் கேட்டேன்" என்று எழுதுவது நியாயமாகாது. புத்தளத்துக்குப் பேருந்து ஏற வேண்டும். முடியாவிட்டால் தொலைபேசியிலாவது பேச வேண்டும். அங்கே போகும்போது அவர்களுடைய சொற்களோடு போங்கள்: அடக்கம், சியாரம் (பெரியவர் அடங்கிய தலம்), அவுலியா (இறைநேசர்), கந்தூரி (நினைவு விழா), மௌலிது (புகழ்ப்பா ஓதுதல்). 'சமாதி', 'குருபூசை' என்று நம் சொற்களால் கேட்டால், மரியாதைக்காக அவர்களும் நம் சொற்களிலேயே பதில் சொல்லிவிடுவார்கள். அத்தோடு பாதி விஷயம் போய்விடும். சியாரத்துக்குப் போவது பற்றி அவர்களுக்குள்ளேயே வெவ்வேறு கருத்துகள் உண்டு. அதில் பக்கம் சேர்வது நம் வேலையன்று.

சூபிப் பெரியாரான பாவா முகையதீனை நினைவில் வைத்திருப்பவர்களை இந்து வீடுகளிலும் தேடலாம். யாழ்ப்பாணத்தில் ஆச்சிரமம் நடத்தி, மண்கும்பானில் 1975இல் திறக்கப்பட்ட பள்ளிவாசலை அமைத்து, 1986இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் மறைந்த அவர், அங்கேயும் தமிழிலேயே பேசினார். அந்தப் பேச்சுகள் ஒலிநாடாவில் பதிவாகியிருக்கின்றன. செல்லப்பாவுக்குக் கிடைக்காத வசதி அது. குரல் பதிவு இருக்கும் ஒருவரைப் பற்றி நினைவுகள் திரட்டும்போது, இரண்டையும் ஒப்பிட்டு, நினைவு எங்கே வாக்கைச் சுருக்கியது, எங்கே நீட்டியது என்று பார்க்க முடிகிறது. இந்தப் பயிற்சி, பதிவே இல்லாத பெரியவர்களைப் பற்றி எழுதும்போது நல்ல நிதானத்தைத் தரும்.

நல்லூர்க் கந்தசுவாமி கோவிலுக்கு அருகில் சிக்கந்தர் என்ற முஸ்லிம் பெரியவர் அடக்கமான இடம் இருந்ததாம் என்று ஒரு கதை நீண்ட காலமாக வழங்குகிறது. இதைச் சமய ஒற்றுமைக்குச் சான்றாகக் காட்டும் ஆசையும், முழுப் பொய் என்று தள்ளும் ஆசையும் எழுதுபவருக்கு ஒருங்கே வரும். இரண்டையும் அடக்கிக்கொண்டு, யார் சொன்னார், எந்த இடத்தைக் காட்டினார், யார் மறுத்தார் என்று எழுதி, 'இருந்ததாம்' என்பதில் உள்ள 'ஆம்' அப்படியே நிற்க விடுங்கள். பாடல்களிலும் இதே எச்சரிக்கை வேண்டும். குணங்குடியார் 'மனோன்மணி' என்று அம்பிகையின் பெயரால் பாடியதைக் கொண்டு அவரைச் சைவராக்குவதும், தாயுமானவர் 'பராபரமே' என்று விளித்தது போலவே அவரும் விளித்திருப்பதைக் கொண்டு இருவரும் சொன்னது ஒன்றே என்று முடிப்பதும் அவசரம். தமிழ் இருவருக்கும் பொதுவாக இருந்தது. அந்தச் சொற்களுக்குள் ஒவ்வொருவரும் எதை வைத்தார் என்பதைப் பாட்டுப் பாட்டாகப் படித்துத்தான் அறிய முடியும்.

காலக்கணக்கில் தவறுவது மிக எளிது. முதியவர்கள் ஆங்கிலத் திகதி சொல்ல மாட்டார்கள். "பங்குனி ஆயிலியம்" என்று மாதமும் நட்சத்திரமும் சொல்வார்கள். யோகரின் குருபூசை நாள் அதுதான். சிலர் ஆண்டுப் பெயரும் சொல்வார்கள். அப்பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். 'சோபகிருது' என்றால் 1903 சித்திரையில் தொடங்கியதாகவும் இருக்கலாம், 1963 சித்திரையில் தொடங்கியதாகவும் இருக்கலாம். சமாதிக் கல்லில் ஆண்டுப் பெயர் மட்டும் இருந்தால், சாமியாரைக் கண்டவர்களின் வயதைக் கொண்டு எந்தச் சுற்று என்று தீர்மானியுங்கள். பங்குனி மார்ச்சிலும் ஏப்ரலிலும் பரவிக் கிடப்பதால், நட்சத்திரத்தைப் பஞ்சாங்கத்தில் பார்க்காமல் ஆங்கில நாள் எழுத வேண்டாம். காலம் கேட்கும்போது "எத்தனையாம் ஆண்டு?" என்பதைவிட "உங்கட கலியாணத்துக்கு முந்தியோ பிந்தியோ? புயலுக்கு முந்தியோ?" என்று கேட்பது பயன்தரும்.

பேசும் நேரம் பின்னேரமாக இருக்கட்டும். குருபூசை நாளில் கேட்கப் போகாதீர்கள். ஒலிபெருக்கியும் அன்னதானப் பந்தியும் இருக்கும் இடத்தில் யாரும் நினைவைத் தோண்ட மாட்டார்கள். கைத்தொலைபேசியில் பதிவு செய்வதானால் முன்னரே அனுமதி கேளுங்கள். ஐந்து நிமிடம் பதிவில்லாமல் பேசிப் பழகிய பின் கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். அம்மாக்கள் தனியே இருக்கும்போதும் ஒருமுறை பேச வேண்டும், ஏனெனில் வீட்டு ஆண்கள் அருகில் இருந்தால் அவர்களே சொல்லி முடித்துவிடுகிறார்கள். சாமிக்குச் சோறு போட்டவர்களோ அந்தப் பெண்கள். பாட்டு வந்தால் பாடச் சொல்லிக் கேளுங்கள். ஒரே பாட்டின் வரி இரண்டு வீட்டில் இரண்டு விதமாக இருந்தால் இரண்டையும் எழுதுங்கள்.

கோவிலடி வீடுகளோடு நின்றுவிடக் கூடாது என்பதை நான் அழுத்தமாகச் சொல்கிறேன். 1968இல் மாவிட்டபுரத்தில் தாழ்த்தப்பட்ட மக்கள் கோவிலுக்குள் நுழையவே சத்தியாக்கிரகம் இருக்க வேண்டியிருந்த நாடு இது. வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பிள்ளைகளிடம், அந்தச் சாமியார் தங்கள் வீட்டுக்கு வந்தாரா, தண்ணீர் வாங்கிக் குடித்தாரா என்று கேட்காமல் எழுதும் வரலாறு பாதி ஊரின் வரலாறே. கிடைக்கும் பதில் நாம் விரும்பியபடி இல்லாமலும் இருக்கலாம். அதையும் எழுதுங்கள்.

எழுதி முடித்ததும் அச்சுக்கு முன் ஒரு படியை எடுத்துக்கொண்டு சொன்னவரிடமே திரும்பிப் போய், மெதுவாக வாசித்துக் காட்டுங்கள். ஏற்றுக்கொண்ட பின் ஒரு படி அவர் வீட்டுக்கு, ஒன்று மடத்துக்கு அல்லது பள்ளிவாசலுக்கு, ஒன்று பல்கலைக்கழக நூலகத்துக்கு, ஒன்று நம் எழுத்துகளை இணையத்தில் சேர்த்துவைக்கும் நூலகம் நிறுவனத்துக்கு. ஒலிப்பதிவை இரண்டு இடங்களிலாவது சேமியுங்கள். வாசிக்கும்போது அவர் எங்கே தலையசைக்கிறார், எங்கே பேசாமல் முற்றத்தைப் பார்க்கிறார் என்று கவனித்து, அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். பெரும்பாலும் ஓர் 'ஆம்' விழுந்துபோன இடம் அதுவாகத்தான் இருக்கும்.