பாக்டீரியாவில் டிஎன்ஏ இரட்டிப்பு தொடங்குவது எப்படி: வரைந்து புரிந்துகொள்வோம்

டிஎன்ஏ இரட்டிப்பு என்றதும் பலரும் புதிய இழையை நீட்டிக் கட்டும் பாலிமரேஸ் நொதியிலிருந்து படிக்கத் தொடங்குகிறார்கள். ஆனால் அந்த நொதியால் இழைகளைப் பிரிக்க முடியாது. புதிய இழைக்கு முதல் அடி எடுத்துக் கொடுக்கவும் முடியாது. அதற்கு முன்னால் நடப்பவைதான் உண்மையில் அழகானவை. ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். நம் மாதிரி ஈ.கோலை பாக்டீரியா.

1. பெரிய வட்டம் ஒன்று வரையுங்கள். இது அதன் குரோமோசோம். சுமார் 46 லட்சம் கார இணைகள், அதாவது இரு இழைகளையும் பிணைக்கும் ஜோடிகள், கொண்டது. வட்டத்தில் ஒரே ஓர் இடத்தில் குறியிடுங்கள். ஓரி-சி எனப்படும் இந்தத் தொடக்கப் பகுதியின் நீளம் ஏறத்தாழ 245 கார இணைகள்தான்.

2. அந்தப் பகுதியைப் பெரிதாக்கி, இரண்டாகப் பிரித்து வரையுங்கள். ஒரு பக்கம் புரதம் அமரும் இடங்கள். மறுபக்கம் அடினைன், தைமின் என்ற காரங்கள் மிகுந்த பகுதி. அடினைன்-தைமின் இணையில் இரண்டே ஹைட்ரஜன் பிணைப்புகள். குவானைன்-சைட்டோசின் இணையில் மூன்று. எனவே இழை எளிதாக விலகக்கூடிய இடம் இதுவே.

3. இப்போது டிஎன்ஏ-ஏ என்ற தொடக்கப் புரதத்தை வரையுங்கள். இந்தப் படியில் அவசரம் வேண்டாம். அமரும் இடங்களில் சில இப்புரதத்தை வலுவாகப் பற்றுபவை; அங்கே அது பெரும்பாலும் எப்போதும் இருக்கும். மற்றவை பிடிப்பு குறைந்தவை. செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியை ஏந்திய புரதம் போதிய அளவு சேர்ந்தால்தான் அவை நிரம்பும். ஐஎச்எஃப் என்ற இன்னொரு புரதம் டிஎன்ஏவை வளைத்து இதற்கு உதவுகிறது. எல்லாம் சங்கிலியாகக் கோத்துக்கொண்டதும் பலவீனமான பகுதி திறக்கிறது. ஏடிபியை உடைத்து வரும் ஆற்றல்தான் இழைகளைப் பிரிக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். திறப்பதற்கு ஏடிபி பிணைந்திருந்தாலே போதும்.

4. திறந்த குமிழியில் இரண்டு வளையங்கள் வரையுங்கள், ஓர் இழைக்கு ஒன்றாக. ஒவ்வொன்றும் ஆறு அலகுகளால் ஆன ஹெலிகேஸ், அதாவது இழைகளைப் பிரித்துச் செல்லும் நொதி. மூடிய வளையம் இழைமேல் தானாக ஏறாது. டிஎன்ஏ-சி என்ற ஏற்றிப் புரதம் அதைத் திறந்து மாட்டுகிறது. ஏற்றி விலகிய பிறகே ஹெலிகேஸ் இயங்கும். இரண்டும் எதிரெதிர்த் திசைகளில் நகரும்; அம்புக்குறி போட மறக்காதீர்கள்.

5. எஸ்எஸ்பி புரதங்கள் தனி இழைகளைப் போர்த்துகின்றன. பிரைமேஸ் என்ற நொதி தொடக்கமாகச் சிறிய ஆர்என்ஏ துண்டை எழுத, பாலிமரேஸ்-3 அதிலிருந்து தொடர்கிறது.

6. உடனே மீண்டும் தொடங்காமல் தடுக்கும் நிறுத்தத்தையும் வரையுங்கள். இது இல்லாத படம் அரைகுறை. புதிய இழையில் மெத்தில் எனும் வேதிக் குறிகள் இன்னும் பதியாத ஓரி-சியை செக்-ஏ புரதம் பற்றிக்கொண்டு சிறிது நேரம் மறைக்கிறது. இதற்கிடையே எச்டிஏ என்ற புரதம் தொடக்கப் புரதத்தைத் தூண்டி, அதிலுள்ள ஏடிபியிலிருந்து நீராற்பகுப்பால் ஒரு பாஸ்பேட்டை நீக்கச் செய்கிறது. தொடக்கப் புரதத்தின் ஏடிபி உடைவது இங்கேதான் பயன்படுகிறது: தொடங்குவதற்கு அல்ல, மீண்டும் உடனே தொடங்காமல் தடுப்பதற்கு.