"நானும் அடித்திருக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால்

காதல் உறவில் அடிபட்ட பிள்ளைகளோடு பேசுவது பல ஆண்டுகளாக என் வேலை. பேச்சு ஏதோ ஓரிடத்தில் நின்றுவிடும். கையைப் பிசைந்துகொண்டு, "நானும் அடித்திருக்கிறேன் அக்கா" என்பார்கள். அந்த நிமிடத்தை எப்படிக் கையாள்வது என்று, அவர்களின் நண்பர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் சொல்லவே இதை எழுதுகிறேன்.

"இரண்டு கை தட்டினால்தானே ஓசை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் சொல்லியிருக்கிறேன். என்னிடம் இருந்த கேள்வித்தாள், தள்ளினீர்களா, அறைந்தீர்களா, பொருளை எறிந்தீர்களா என்று கேட்டது. ஒரு பெண் ஆம் என்றாள், அவள் காதலனும் ஆம் என்றான். "பரஸ்பர வன்முறை" என்று எழுதி மூடிவிட்டேன். தன் கழுத்தை நெரித்த கையை விலக்கத்தான் அவள் தள்ளினாள் என்பது மூன்றாவது சந்திப்பில்தான் தெரிந்தது. அந்த வகைக் கேள்விகளுக்கு முன்னோடி, 1979இல் அமெரிக்கச் சமூகவியலாளர் மர்ரே ஸ்ட்ராஸ் வெளியிட்ட அளவுகோல். அது அடிகளை எண்ணியது. யாருக்குப் பயம் என்று கேட்கவில்லை.

ஆகவே எண்ணிக்கையை விடுங்கள். கடைசியாக நடந்த சண்டையை, அன்று காலையிலிருந்து சொல்லச் சொல்லுங்கள். கதவருகே நின்றது யார்? யாருடைய போனை யார் பார்க்கிறார்கள்? சண்டைக்குப் பிறகு தன் நண்பர்களை, உடையை, நேரத்தை மாற்றிக்கொண்டது யார்? "அவர் குரல் மாறினால் உன் உடம்பில் என்ன ஆகிறது?" என்ற கேள்வியை நான் தவறவிடுவதே இல்லை. 1995இல் மைக்கேல் ஜான்சன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், ஒருவரை அடக்கி ஆளும் வன்முறையும் வாக்குவாதம் முற்றிக் கைகலப்பாவதும் ஒன்றல்ல என்று பிரித்துக் காட்டினார். அடக்குமுறையை எதிர்த்துத் திருப்பி அடிப்பதையும் பின்னர் தனி வகையாக்கினார். என் கேள்விகள் அந்த வேறுபாட்டைத் தேடுகின்றன.

சில சமயம், அடிபட்டதும் அடித்ததும் இரண்டுமே முழு உண்மையாக இருக்கும். முந்தைய காதலியிடம் அடியும் அவமானமும் பட்ட ஒருவன், இப்போதைய காதலியை அறையில் வைத்துப் பூட்டினான். அவனிடம் இரண்டு தாள்களைக் கொடுத்தேன். ஒன்றில் "எனக்கு நடந்தது", மற்றொன்றில் "நான் செய்தது". ஒரே நிபந்தனை: இரண்டாவது தாளில் "அதனால்" என்ற சொல் வரக்கூடாது. அடிபட்ட எல்லோரும் மற்றவரை அடிப்பதில்லை. காயம் காரணத்தின் ஒரு பகுதியாகலாம், அனுமதிச் சீட்டாகாது. முதல் தாளை அன்றே நிரப்பினான். இரண்டாவதற்கு நான்கு வாரம் ஆனது. அந்த நான்கு வாரமும் முதல் தாளைப் பற்றியும் அக்கறையோடு கேட்டுக்கொண்டே இருந்தேன். தன் வலியை ஒருவரும் நம்பாதபோது தன் குற்றத்தை எவரும் எழுதமாட்டார்.

முதலில் வந்து உரக்கப் புகார் சொல்பவரே பாதிக்கப்பட்டவர் என்று முடிவு கட்டாதீர்கள். ஒரே ஒரு தள்ளலுக்காகக் குற்ற உணர்வில் குமைபவரையும் கவனியுங்கள்.

கழுத்தை நெரித்ததாகச் சொன்னால் மற்றதெல்லாம் பிறகு. வெளியே தடம் இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கொலை வரை போகக்கூடிய உறவின் அறிகுறி அது. பிரியும் நேரமும் ஆபத்தானது. எங்கே தங்குவது, யாரிடம் சொல்வது என்று முடிவு செய்யாமல் "இன்றே விட்டுவிடு" என்று அவசரப்படுத்தாதீர்கள்.

சமரசம் பேச இருவரையும் ஒரே அறையில் உட்கார வைக்காதீர்கள். பயப்படுபவர் அங்கே உண்மை பேசமாட்டார். பேசிவிட்டாலோ, நீங்கள் இல்லாத இடத்தில் அதற்கு அடி வாங்குவார்.