பாஸ்வேர்டு ஃபைலை டிரைவில் போடுங்கள், சாவியைப் போடாதீர்கள்

பாஸ்வேர்டுகளை எக்செல் தாளில் எழுதி கூகுள் டிரைவில் வைக்காமல், கீபாஸ்எக்ஸ்சி என்ற இலவச மென்பொருளில் பதிந்து, அது உருவாக்கும் ஒரே ஃபைலை மட்டும் டிரைவில் வையுங்கள். கூடவே, அந்த ஃபைலைத் திறக்க மாஸ்டர் பாஸ்வேர்டோடு (நீங்கள் நினைவில் வைக்கும் ஒரே பாஸ்வேர்டு) சேர்த்துத் தேவைப்படும் ஒரு சாவி ஃபைலும் அதிலேயே உருவாக்கி, அதை டிரைவில் ஏற்றாமல் கேபிள் வழியாகப் போனுக்கு நகலெடுங்கள்.

பாஸ்வேர்டு ஃபைல் 256 பிட் ஏஇஎஸ் என்ற வலுவான குறியாக்க முறையில் பூட்டப்பட்டது. டிரைவ் கணக்கே திருடு போய், மாஸ்டர் பாஸ்வேர்டும் கசிந்தாலும்கூட, சாவி ஃபைல் இல்லாமல் அது திறக்காது.

மாஸ்டர் பாஸ்வேர்டை மறந்துவிடுவோம் என்று நினைப்பவர்களுக்கு இது சரிப்படாது. மீட்டுத்தர யாரும் இல்லை. அப்புறம், கூகுள் கணக்கின் பாஸ்வேர்டை இதற்குள் மட்டுமே வைத்துவிடாதீர்கள். போன் தொலைந்தால் டிரைவுக்குள்ளேயே போக முடியாது. கூகுள் பாஸ்வேர்டைக் காகிதத்திலும் எழுதி, சாவி ஃபைலின் இன்னொரு நகல் உள்ள பென்டிரைவோடு பீரோவில் வையுங்கள்.