படகுக் கழிப்பறை நாறாமல் இருக்க: புதிதாகப் படகு வாங்கியவர்களுக்கு ஒரு செய்முறை

படகில் கழிப்பறை என்று ஒன்று இருந்தால் நாறத்தான் செய்யும் என்று முடிவுகட்டி, நறுமண உருண்டைகளைத் தொங்கவிட்டுக் காலம் தள்ளுபவர்கள் நிறையப் பேர். அதற்கு அவசியமே இல்லை. ஒழுங்காகப் பராமரித்தால் 30 அடிப் பாய்மரப் படகின் அறைக்குள்கூட எந்த வாடையும் இல்லாமல் படுத்துத் தூங்கலாம். நாற்றம் வருகிறதென்றால் எங்கோ கழிவு தேங்கி நிற்கிறது, அல்லது கடல்நீர் தேங்கி நிற்கிறது, அல்லது தொட்டிக்குக் காற்று போகவில்லை. அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இங்கே நான் சொல்வது கையால் பம்ப் அடிக்கும் கழிப்பறைக்கு. ஜாப்ஸ்கோ போன்ற நிறுவனங்கள் செய்யும் இந்த வகைதான் சிறிய பாய்மரப் படகுகளில் அதிகம்.

படி 1: ஹோஸ்களைத் தடம் பிடியுங்கள்

ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு கழிப்பறைக் கோப்பையிலிருந்து தொடங்குங்கள். உள்ளே கடல்நீர் வரும் ஹோஸ் மெல்லியது, பெரும்பாலும் 19 மி.மீ. கழிவு வெளியேறும் ஹோஸ் தடித்தது, 38 மி.மீ. இந்தத் தடித்த ஹோஸ் கழிவுத் தொட்டிக்குப் போகும், அல்லது இருவழி வால்வு ஒன்றின் வழியாகத் தொட்டிக்கும் கடலுக்கும் பிரியும். தொட்டியிலிருந்து இன்னொரு சிறு ஹோஸ் படகின் பக்கவாட்டுத் துளைக்குப் போகும். அதுதான் காற்றுக்குழாய். படகின் அடியில் துளை இருக்கும் இடங்களில் எல்லாம் ஒரு வால்வு இருக்கும். அதன் கைப்பிடி குழாயோடு சேர்ந்து நீளவாக்கில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது.

கோப்பை நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், ஹோஸ் நீர்மட்டத்துக்கு மேலே ஏறி வளைந்து இறங்க வேண்டும். வளைவின் உச்சியில் காற்று புகும் சிறு வால்வும் வேண்டும். அது இல்லாமலோ அடைபட்டோ இருந்தால் கடல்நீர் தானாகவே உள்ளே இழுபட்டு வந்துகொண்டே இருக்கும். படகே மூழ்கிவிடக்கூடிய விஷயம் இது. பயன்படுத்தி முடித்ததும் பம்பின் நெம்புகோலை 'உலர்' பக்கம் (கடல்நீர் உள்ளே வராத நிலைக்கு) தள்ளிவிட்டு, படகின் அடியில் இருக்கும் இரண்டு வால்வுகளையும் மூடும் பழக்கம் படகில் இருக்கும் எல்லோருக்கும் வேண்டும், விருந்தாளிக்கும்தான்.

படி 2: நாற்றம் எங்கிருந்து வருகிறது?

இதில் நேரம் செலவிடுங்கள். பலர் தொட்டியைக் குறைசொல்லி அதில் ரசாயனம் ஊற்றுவார்கள், பிரச்சினை வேறெங்கோ இருக்கும்.

ஒரு வாரம் சும்மா நின்ற படகில் முதல் பம்ப் அடித்ததும் அழுகிய முட்டை வாடை குப்பென்று வந்து, சற்று நேரத்தில் போய்விடுகிறதா? அது கழிவே இல்லை. உள்ளே வரும் ஹோஸில் தேங்கிய கடல்நீர். அதில் இருந்த நுண்ணுயிரிகள் செத்து, ஆக்சிஜனும் தீர்ந்துபோயிருக்கும். கடல்நீரில் லிட்டருக்கு 2.7 கிராம் அளவுக்கு சல்ஃபேட் இருக்கிறது. காற்றில்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் அதை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றுகின்றன. ஏரியில் ஓடும் படகுகளுக்கு இந்தத் தொல்லை குறைவாக இருப்பதற்குக் காரணம், ஏரிநீரில் இந்தச் சல்ஃபேட் குறைவு என்பதுதான்.

எப்போதும் மெல்லிய கழிவு வாடை இருந்துகொண்டே இருந்தால் ஹோஸைச் சந்தேகியுங்கள். சுத்தமான துணி ஒன்றை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து ஹோஸின் மேல் சுற்றுங்கள். ஆறியதும் எடுத்து, கழிப்பறைக்கு வெளியே போய் முகர்ந்து பாருங்கள். துணியில் வாடை ஏறியிருந்தால் அந்த ஹோஸ் ஊறிப்போய்விட்டது. எதைப் பூசிக் கழுவினாலும் மீளாது. கழிவுக்கென்றே செய்த ஹோஸாக மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது பள்ளமான வளைவு எங்கும் விழாமல் போடுங்கள். பள்ளத்தில் தேங்கும் கழிவுதான் ஹோஸைக் கெடுக்கிறது.

பம்ப் அடிக்கும்போது வெளியே, படகின் பக்கவாட்டில் மட்டும் நாறினால் தொட்டி. படி 6-ஐப் பாருங்கள்.

படி 3: போதுமான அளவு பம்ப் அடியுங்கள்

38 மி.மீ. ஹோஸ் ஒரு மீட்டருக்கு ஒரு லிட்டருக்கும் சற்று அதிகமாகவே பிடிக்கும். தொட்டி இரண்டு மீட்டர் தள்ளி இருந்தால், கோப்பை சுத்தமாகத் தெரிந்த பிறகும் இரண்டு லிட்டருக்கு மேல் தண்ணீர் போனால்தான் ஹோஸில் கழிவு நிற்காது. கோப்பை வெளுத்தவுடன் நிறுத்திவிடுவதுதான் பெரும்பாலான படகுகளில் நாற்றத்துக்குத் தொடக்கம். கைப்பிடியை அவசரப்படாமல் முழு நீளத்துக்கு ஏற்றி இறக்குங்கள்.

உள்ளே போகக்கூடியவை: நீங்கள் சாப்பிட்டுச் செரித்தது, அதோடு சிறிதளவு டாய்லெட் பேப்பர். ஈரத்துடைப்பான், நாப்கின், பஞ்சு எதுவும் கூடாது. பாக்கெட்டில் என்ன எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள்.

படகை விட்டுக் கிளம்பும் நாளில் கோப்பையில் நல்ல தண்ணீர் ஊற்றி அடித்து வெளியேற்றுங்கள். இது கழிவு ஹோஸைத்தான் கழுவும், உள்ளே வரும் ஹோஸைக் கழுவாது. அதற்கு வால்வை மூடிவிட்டு, வால்வுப் பக்கத்தில் ஹோஸைக் கழற்றி, ஒரு வாளி நல்ல தண்ணீரில் முக்கிப் பம்ப் அடிக்க வேண்டும். குடிநீர்த் தொட்டியின் குழாயை நேரடியாகக் கழிப்பறையோடு இணைக்கவே கூடாது. கழிவு பின்னோக்கி வந்து குடிநீரில் கலக்க வாய்ப்பிருக்கிறது.

படி 4: ஜோக்கர் வால்வை மாற்றுங்கள்

கழிவு கோப்பையை விட்டு வெளியேறும் இடத்தில் இருக்கும் ரப்பர் துண்டு இது. விலை குறைவு, வேலை பெரிது. கழிவைப் போகவிட்டு, திரும்பி வராமல் தடுக்கிறது. இரவில் காலியாக விட்ட கோப்பையில் காலையில் பழுப்புத் தண்ணீர் நின்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது என் கணக்கு.

1. நல்ல தண்ணீர் ஊற்றி நன்றாக அடித்து, கோப்பையை உலரவிடுங்கள். இரண்டு வால்வுகளையும் மூடுங்கள்.
2. கையுறை போட்டுக்கொண்டு, கீழே தட்டும் பழைய துண்டும் வையுங்கள். ஹோஸில் இருக்கும் தண்ணீர் கொஞ்சம் வரத்தான் செய்யும்.
3. ஹோஸ் மாட்டியிருக்கும் முழங்கைத் துண்டின் திருகுகளைக் கழற்றி இழுங்கள். வால்வு அதற்குள் இருக்கும்.
4. பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புதியதன் உதடுகள் ஒட்டி மூடியிருக்கும். பழையதில் உதடுகள் விறைத்து, வெள்ளைச் சுண்ணம் படிந்து, நடுவில் வெளிச்சம் தெரியும்.
5. உதடுகள் ஹோஸ் பக்கம் நீட்டியிருக்கும்படி புதியதை வையுங்கள். திருப்பி வைத்தால் கழிவு போகாது.
6. திருகுகளை ஒன்றுவிட்டு ஒன்றாகச் சமமாக இறுக்குங்கள். பிளாஸ்டிக் என்பதால் மிகையாக முறுக்கினால் விரிசல் விடும்.

பம்பையும் கழற்றினால் பிஸ்டனின் ரப்பர் வளையத்தில் டெஃப்லான் கலந்த கிரீஸ் தடவிவிடுங்கள். பம்ப் கடினமானால் சிலர் சமையல் எண்ணெயை ஊற்றுவார்கள். உடனே இலகுவாகும், ஆனால் சில நாளில் கழுவிக்கொண்டு போய்விடும்.

படி 5: சுண்ணம் படியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

சிறுநீரும் கடல்நீரும் சேர்ந்தால் ஹோஸின் உட்சுவரில் கல் போன்ற படிவு உண்டாகும். ஆண்டுகள் போகப் போக 38 மி.மீ. துளை விரல் நுழையும் அளவுக்குச் சுருங்கிவிடும். மாதம் ஒருமுறை ஒரு லிட்டர் வெள்ளை வினிகரை ஊற்றி, ஹோஸுக்குள் போகும் அளவுக்கு மட்டும் மெதுவாக அடித்து, ஒரு மணி நேரம் விட்டுக் கழுவுங்கள். இரவு முழுக்க விடாதீர்கள், ரப்பர் ஊதிப்போகும். ஏற்கெனவே தடித்துவிட்ட படிவுக்கு வினிகர் போதாது. ஹோஸைக் கழற்றிக் கரையில் ஓங்கி அடித்தால் ஓடு ஓடாக உதிரும்.

பிளீச்சிங் திரவம் வேண்டவே வேண்டாம். ரப்பரைக் கெடுக்கும், தொட்டியில் நமக்கு உதவும் பாக்டீரியாவைக் கொல்லும். வினிகரோடு சேர்ந்தால் நச்சான குளோரின் வாயுவும் வரும்.

படி 6: தொட்டியை மூச்சுவிட விடுங்கள்

காற்று இருந்தால் நாற்றமில்லாமல் சிதைக்கும் பாக்டீரியாக்கள் பெருகும். காற்று இல்லையென்றால் நாற்ற வாயு உண்டாக்குபவை பெருகும். ஆகவே காற்றுக்குழாய் குட்டையாகவும், அகலமாகவும், நேராகவும் இருக்க வேண்டும், 25 மி.மீ. இருந்தால் நல்லது. தொட்டியைக் கழுத்துவரை நிரப்பினால் கழிவு அந்தக் குழாய்க்குள் ஏறிக் காய்ந்து அடைத்துவிடும். முக்கால் அளவிலேயே காலி செய்யுங்கள். காலி செய்ததும் வெளிப்பக்கத் துளை வழியாக ஹோஸ் பைப்பால் தண்ணீர் பீய்ச்சுங்கள். பிறகு தொட்டியில் நல்ல தண்ணீர் ஊற்றி, துறையில் இருக்கும் உறிஞ்சும் நிலையத்தில் மறுபடி உறிஞ்ச விடுங்கள். காற்றுக்குழாய் அடைத்திருக்கும்போது கரையிலிருந்து உறிஞ்சினால் தொட்டி உள்வாங்கி நசுங்கவும் கூடும்.

தொட்டியைத் திறக்க நேர்ந்தால் அறையின் எல்லாத் திறப்புகளையும் திறந்து வையுங்கள், தனியாகச் செய்யாதீர்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு செறிவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. வாடை போய்விட்டது என்று நினைக்கும் நேரம்தான் ஆபத்து.

கடலில் திறந்துவிடும் முன் உள்ளூர்ச் சட்டத்தைப் பாருங்கள். அமெரிக்கக் கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் சுத்திகரிக்காத கழிவை விடக் கூடாது, இருவழி வால்வையும் தொட்டிப் பக்கமாகப் பூட்டி வைக்க வேண்டும். டொரொண்டோ தமிழர்கள் படகு விடும் ஒன்டாரியோ ஏரியில் கழிவை விடவே அனுமதியில்லை; துறையில் இருக்கும் உறிஞ்சும் நிலையம்தான் ஒரே வழி.

படி 7: குளிர்காலத்துக்கு முன்

தண்ணீர் உறையும் ஊர்களில் படகைக் கரையேற்றிய பிறகு, தொட்டியைக் காலி செய்து, உள்ளே வரும் ஹோஸைக் கழற்றி, புரோபிலீன் கிளைக்கால் உறைதடுப்பான் இருக்கும் வாளியில் முக்குங்கள். கோப்பையில் அதன் இளஞ்சிவப்பு நிறம் நீர்க்காமல் தெரியும்வரை பம்ப் அடித்து, அதன்பிறகும் கழிவு ஹோஸ் நிறையும் அளவுக்கு அடியுங்கள். காருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு, அதைப் பயன்படுத்தாதீர்கள். ஆல்கஹால் கலந்தவையும் ரப்பருக்கு ஆகாது. வாங்கும்போது லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.