ஆயர் இல்லத்துக்குப் போகும் முதல் கடிதம்

போன மாதம் ஒரு ஜூனியர் வழக்கறிஞர் என்னிடம் ஒரு கோப்பைக் கொண்டுவந்தார். கன்னியர் மடம் நடத்தும் விடுதியில் தங்கிப் படித்த பெண். அங்கே பூசை வைக்க வந்த சாமியார் (கத்தோலிக்கக் குருவானவர்) அவளுக்குச் செய்த கொடுமை. அப்போது அவளுக்குப் பதினாறு வயது, இப்போது இருபத்திரண்டு. கோப்பைத் திறந்ததும் முதல் பக்கத்தில் இருந்தது, மறைமாவட்டத்தின் தலைவரான ஆயருக்கு (பிஷப்) எழுதிய கடிதத்தின் ஜெராக்ஸ்.

"மேடம், முதல்ல ஆயருக்குத்தான் எழுதினோம். ரெண்டு மாசமாச்சு, பதில் இல்ல. அதான் போலீசுக்குப் போகலாம்னு..." என்றார்.

எனக்கு அடிவயிறு பிசைந்தது. பல வருடங்களுக்கு முன் நானும் இதே வரிசையில்தான் செய்தேன். அதற்கு ஒரு பெண் கொடுத்த விலையை இன்னும் மறக்க முடியவில்லை. கடந்த இரண்டு வருடத்தில் மட்டும் நான்கு பேர் இதையே செய்துவிட்டு வந்திருக்கிறார்கள். எல்லோரும் நல்ல மனசோடு உதவப் போனவர்கள்.

உடுத்திய துணியைத் துவைக்காதீர்கள், வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். உதவப் போகிறவர்கள் செய்யும் மற்றத் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதல் கடிதத்தை ஆயருக்கு எழுதுவது

அன்று, பல வருடங்களுக்கு முன், என்னிடம் வந்தவர் ஒரு மறைமாவட்டப் பள்ளியில் ஆசிரியை. கொடுமை செய்தவர் அதே பள்ளியின் தாளாளர், குருவானவர். பக்தியான குடும்பம். "போலீசுக்கு முன்னாடி ஆயர்கிட்ட சொல்லணும், அதுதான் முறை" என்றார் அவருடைய அப்பா. நானும் தலையாட்டினேன். அந்தப் பெண் கோடு போட்ட தாளில், மேலே 'இயேசுவுக்கே புகழ்' என்று எழுதித் தொடங்கினார். மூன்றாவது வரியில் பேனா நின்றுவிட்டது. "எப்படி மேடம் இதையெல்லாம் ஆயருக்கு எழுதுறது?" என்று கேட்டார். "விவரமெல்லாம் வேண்டாம்மா, சுருக்கமா எழுதும்மா" என்று சொன்னவள் நான்தான். அவர் எழுதியது இது: 'தாளாளர் தந்தை என்னிடம் முறைகேடாக நடந்துகொண்டு எனக்கு மிகுந்த மனவேதனை தந்துவிட்டார்.'

ஆறு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு காவல் நிலையம் போனோம். நடந்தது முழுவதையும் அங்கே சொன்னார். பாலியல் வன்கொடுமை வழக்கு பதிவானது. விசாரணை நாளில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரே ஒரு தாளை உறையிலிருந்து உருவி எடுத்தார். அதே கோடு போட்ட தாள். "இது உங்கள் கையெழுத்தா? இதில் 'முறைகேடாக' என்றுதானே இருக்கிறது? தொட்டார் என்றுகூட இல்லையே? ஆறு மாதத்தில் கதை வளர்ந்துவிட்டதா?" முக்கால் மணி நேரம் அந்த ஒரு வாக்கியத்தைச் சுற்றியே கேள்விகள். அவர் கூண்டின் கம்பியைப் பிடித்தபடி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தேகத்தின் பலன் எதிரிக்கு, அதாவது அந்தத் தாளாளருக்குப் போனது; அவர் விடுதலையானார்.

சாட்சி முன்பு எழுதியதை அவர் முன் நீட்டி, இப்போது சொல்வதற்கு முரண் என்று காட்டலாம். பழைய சாட்சியச் சட்டத்தின் 145-வது பிரிவு இதை அனுமதித்தது. புதிய சட்டத்தில் அது 148-வது பிரிவு. இதற்கு அந்தக் கடிதம் எதிர்த்தரப்பின் கைக்குக் கிடைத்தால் போதும். ஆயருக்கு எழுதியது ஆயர் இல்லத்துக் கோப்பில் இருக்கும். அது வேறு யார் கைக்குப் போகும் என்பது எழுதியவரின் கட்டுப்பாட்டில் இல்லை.

கோட்டயம் வழக்கைப் பாருங்கள். ஜலந்தர் ஆயராக இருந்த பிராங்கோ முளக்கல் மீது ஒரு கன்னியாஸ்திரி 2018 ஜூனில் காவல்துறையில் புகார் தந்தார். அதற்கு முன்பே திருச்சபை மேலிடங்களுக்கு எழுதியிருந்தார், சக சிஸ்டர்களிடமும் சொல்லியிருந்தார். 2022 ஜனவரி 14 அன்று கோட்டயம் கூடுதல் செஷன்ஸ் நீதிமன்றம் ஆயரை விடுதலை செய்தது. புகார்தாரர் வெவ்வேறு ஆட்களிடம் வெவ்வேறு கட்டங்களில் சொன்னவற்றுக்கு இடையில் இருந்த முரண்பாடுகள் அந்தத் தீர்ப்பில் முக்கியமான இடம் பிடித்தன. அந்தத் தீர்ப்பு சரியா தவறா என்று இங்கே வாதாடவில்லை. வெட்கத்தில் பாதி சொன்னது பிறகு எப்படிப் படிக்கப்படுகிறது என்பதைப் பாருங்கள் என்கிறேன்.

பாதிக்கப்பட்டவர் குழந்தை என்றால் 'முதலில் யாரிடம்' என்ற கேள்வியே இல்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவு, குற்றம் நடந்தது தெரிந்த எவரும் காவல்துறையிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது. சிஸ்டர், ஆசிரியை, பங்குப் பேரவை உறுப்பினர், சமூகப் பணியாளர் எல்லோரும் இதில் அடக்கம். ஆயருக்கு எழுதியதால் அந்தக் கடமை தீராது.

திருச்சபை விசாரணை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்கென்று ஒரு வேலை இருக்கிறது. போப் பிரான்சிஸ் 2019-ல் கொண்டுவந்து 2023-ல் நிரந்தரமாக்கிய 'வோஸ் எஸ்திஸ் லூக்ஸ் முந்தி' ஆணைப்படி, குருக்களும் துறவியரும் தாங்கள் அறிந்ததை மேலிடத்துக்குச் சொல்லியே ஆக வேண்டும். புகார் தருபவரிடம் 'வெளியே சொல்லக் கூடாது' என்று கட்டுப்பாடு விதிக்க முடியாது. இந்த வழக்குகளின் விவரம் வெளியே போகாமல் தடுத்த 'திருத்தந்தையின் இரகசியக் காப்பு' என்ற விதியும் 2019 டிசம்பரில் நீக்கப்பட்டது. எனவே யாராவது "திருச்சபைச் சட்டப்படி இரகசியம்மா, யார்கிட்டயும் சொல்லாதே" என்றால் அது உண்மையில்லை, அவர் எந்த அங்கி போட்டிருந்தாலும் சரி. ஆனால் அந்த விசாரணையின் உச்ச தண்டனை குருத்துவ நிலையிலிருந்து நீக்குவதுதான். கைது செய்யவோ சிறைக்கு அனுப்பவோ அதற்கு அதிகாரம் இல்லை.

அதனால் வரிசையை மாற்றுங்கள். முதலில் காவல் நிலையத்தில் முழுப் புகார். அதே புகாரின் நகலை, ஒரு வார்த்தை மாறாமல், போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகை கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் ஆயருக்கு அனுப்புங்கள். வயது வந்த பெண் ஒருவர் போலீஸ் வேண்டாம், திருச்சபை விசாரணை மட்டும் போதும் என்றால் அது அவருடைய முடிவு, மதிக்க வேண்டும். அப்போதும் கடிதத்தில் பூசி மெழுகாதீர்கள். என்ன நடந்தது, எங்கே, எத்தனை முறை என்று உடல் உறுப்பின் பெயரோடு எழுத வையுங்கள். அன்று எழுத முடியவில்லை என்றால் அவர் தயாராகும் வரை அந்தக் கடிதம் போக வேண்டாம்.

ஏற்கெனவே எழுதிவிட்டார்களா? மறைக்காதீர்கள். நகலை நீங்களே காவல் ஆய்வாளரிடம் கொடுங்கள். மாஜிஸ்திரேட் முன் தரும் வாக்குமூலத்தில் (முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 164, இப்போது அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தின் 183-வது பிரிவு) அந்தக் கடிதத்தை ஏன் அப்படி எழுதினேன் என்பதை அவரே தன் வாயால் சொல்லட்டும். தாமதத்தையும் தயக்கத்தையும் நீதிமன்றங்கள் புரிந்துகொள்ள வேண்டும் என்று 1996-ல் குர்மீத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் விளக்கம் கோப்பில் இருந்தால்தான் நீதிபதி அதைப் படிப்பார். இல்லாவிட்டால் எதிர்த்தரப்பு சொல்லும் விளக்கம் மட்டுமே மிஞ்சும்.

சிஎஸ்ஆர் ரசீதோடு வீட்டுக்குப் போவது

சிஎஸ்ஆர் என்பது புகார் வந்தது என்று காவல் நிலையம் தரும் ரசீது மட்டுமே, அது எஃப்ஐஆர் இல்லை. சாமியார் பெயரைப் பார்த்ததும் "விசாரிச்சுட்டுப் போடுறோம்" என்று சிஎஸ்ஆர் கிழித்துக் கொடுப்பார்கள். பாலியல் வன்கொடுமைப் புகாரைப் பதிவு செய்யாத காவலருக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 199-வது பிரிவில் ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை சிறை. போக்சோ புகாரைப் பதிவு செய்யாதது அந்தச் சட்டத்தின் 21-வது பிரிவில் தனிக் குற்றம். சம்பவம் வேறு மாவட்டத்தில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் தரலாம். மறுத்தால் எஸ்.பி.க்கு எழுத்தில் அனுப்புங்கள், அப்புறம் மாஜிஸ்திரேட்.

'காலம் கடந்துவிட்டது' என்று நீங்களே தீர்ப்புச் சொல்வது

மூன்று ஆண்டுகளுக்கு மேல் தண்டனை உள்ள குற்றத்துக்குக் காலக்கெடு இல்லை. பாலியல் வன்கொடுமைக்கு இல்லை. போக்சோவின் கடுமையான பிரிவுகளுக்கும் இல்லை. ஆனால் எந்தத் தேதியில் நடந்ததோ, அன்றிருந்த சட்டம்தான் பொருந்தும். இதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள்.

போக்சோ நடைமுறைக்கு வந்தது 2012 நவம்பர் 14. அதற்கு முந்தைய சம்பவத்துக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டம்தான். 2013 பிப்ரவரிக்கு முன், பெண்ணை மானபங்கப்படுத்துவதற்கான 354-வது பிரிவில் உச்ச தண்டனை இரண்டு ஆண்டு மட்டுமே. அங்கே மூன்று ஆண்டுக் காலக்கெடு குறுக்கே வரும். தாமதத்தை மன்னிக்கும்படி தனியாகக் கேட்க வேண்டியிருக்கும். சிறுவனாக இருந்தபோது பாதிக்கப்பட்டு இப்போது நாற்பது வயதாகும் ஆண்களுக்கு, 'இயற்கைக்கு மாறான' உடலுறவு பற்றிய 377-வது பிரிவு இன்னும் உதவும். அந்தச் சட்டம் இருந்த காலத்துச் சம்பவம் அது.

ஒரு விஷயம் மனதை அறுக்கிறது. 2024 ஜூலை 1-லிருந்து வந்த புதிய சட்டத்தில் 377-க்கு இணையான பிரிவு கிடையாது. குருவாகப் பயிற்சி பெறும் வயது வந்த குருமாணவர் ஒருவருக்கு அந்தத் தேதிக்குப் பிறகு குருமடத்தில் இந்தக் கொடுமை நடந்தால், வன்கொடுமை என்ற பெயரில் வழக்குப் போட இடமில்லை. காயம், மிரட்டல், அடைத்து வைத்தல் என்று சுற்றிச் சுற்றித்தான் போக வேண்டும். அவருக்குத் திருச்சபைச் சட்டத்தின் வழி இன்னும் முக்கியமாகிறது. அதிகாரத்தைக் கொண்டு கட்டாயப்படுத்துவது அங்கே 2021 டிசம்பரிலிருந்து தனிக் குற்றம். சிறார் வழக்குகளில் திருச்சபைச் சட்டத்தின் காலக்கெடு, பாதிக்கப்பட்டவரின் 18 வயதிலிருந்து இருபது ஆண்டுகள்.

சாமியார் பெயரை மட்டும் எழுதுவது

சமய நிறுவனத்தையோ கல்வி நிறுவனத்தையோ நடத்துபவர் அல்லது அங்கே பணியாற்றுபவர் குழந்தையிடம் ஊடுருவும் பாலியல் வன்கொடுமை செய்தால் அது சாதாரணப் பிரிவு இல்லை, போக்சோவின் 5(எஃப்). 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சமே இருபது ஆண்டு. புகாரில் அவருடைய பதவியைத் தெளிவாக எழுதுங்கள்.

தெரிந்தும் மறைத்த நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை. ஆனால் 'மதருக்கு (கன்னியர் மடத்தின் தலைவிக்கு) தெரியும்' என்று ஒரு வரி எழுதினால் நிற்காது. யார் சொன்னார்கள், எந்த நாள், எந்த அறையில், அதற்கு மதர் என்ன பதில் சொன்னார் என்று எழுதுங்கள். ஒரு சிறுமிக்குக் குருவானவர் செய்த கொடுமை பற்றிய கேரளத்தின் கொட்டியூர் வழக்கில் (விவரம் அடுத்த பகுதியில்) அந்தக் குருவானவருக்கு மட்டும்தான் தண்டனை கிடைத்தது. அவரோடு விசாரிக்கப்பட்ட, துறவியர் உட்பட மற்ற ஆறு பேரும் விடுவிக்கப்பட்டார்கள்.

பேசி முடித்துக்கொள்வது

அதே கொட்டியூர் வழக்குதான். பதினாறு வயதுப் பெண்ணுக்கு 2017-ல் குழந்தை பிறந்தது. அதற்குக் காரணம் நானே என்று பெற்ற தகப்பனே முதலில் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். ஒரு குடும்பத்தை அந்த அளவுக்கு நெருக்க முடிகிறது. விசாரணையில் அந்தப் பெண்ணும் பெற்றோரும் பிறழ்சாட்சியானார்கள். மரபணுச் சோதனையும் அவளுடைய வயதுக்கான ஆவணமும் வழக்கைத் தாங்கின. 2019 பிப்ரவரியில் தலச்சேரி நீதிமன்றம் குருவானவருக்கு இருபது ஆண்டு சிறை விதித்தது, பின்னர் உயர் நீதிமன்றம் அதைப் பத்தாகக் குறைத்தது. இடையில் 'திருமணம் செய்துகொள்கிறோம்' என்று அந்தப் பெண்ணும் குருவானவரும் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2021 ஆகஸ்டில் அந்த மனுக்கள் நிராகரிக்கப்பட்டன.

பணம் வாங்கிக்கொண்டு வழக்கை விடுகிறேன் என்று எழுதும் ஒப்பந்தம் செல்லாது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 23-வது பிரிவில் இதுபோன்ற ஒன்றையே உதாரணமாகத் தந்திருக்கிறது. 1872-லிருந்து இருக்கிற உதாரணம் அது. சமரசம் ஆகிவிட்டது என்பதற்காக போக்சோ வழக்கை ரத்து செய்ய முடியாது என்று ராம்ஜி லால் பைர்வா வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, கையெழுத்துப் போட்ட குடும்பத்துக்கு அந்தத் தாளால் ஒரு பாதுகாப்பும் இல்லை. சாட்சிக் கூண்டில் அது அவர்களுக்கு எதிராகவே நீட்டப்படும்.

லாஸ் ஏஞ்சலஸ் கணக்கை இங்கே சொல்வது

2024-ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் உயர்மறைமாவட்டம் பாதிக்கப்பட்டவர்களுக்கு 88 கோடி டாலர் தர ஒப்புக்கொண்ட செய்தியைக் காட்டி ஒரு குடும்பத்துக்கு ஆசை காட்டினார் ஒரு தம்பி. இங்கே நிலைமை அப்படி இல்லை. உரிமையியல் வழக்குக்குக் காலக்கெடு குறுகியது. குழந்தையாக இருந்தவருக்கு 18 வயதிலிருந்து கணக்கு ஓடும். நடைமுறையில் கைக்கு வருவது அரசு இழப்பீடு. தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் 2018 திட்டத்தில் பாலியல் வன்கொடுமைக்கு 4 முதல் 7 லட்சம் ரூபாய், சிறாருக்கு அதற்கு மேல். தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம், இடைக்கால இழப்பீடு கேட்கலாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பில்லாமல் இலவச வழக்கறிஞர் உண்டு.

பத்திரிகையை முதலில் கூப்பிடுவது

வேண்டாம். பாதிக்கப்பட்டவரின் பெயரோ பள்ளியோ தெருவோ வெளியே வந்தால் அதுவே குற்றம்.

தனியாக அனுப்புவது

பாதிக்கப்பட்டவரைக் காவல் நிலையத்துக்கோ நீதிமன்றத்துக்கோ ஒருநாளும் தனியாக அனுப்பக் கூடாது. குழந்தை என்றால், குழந்தைகள் நலக் குழுவிடம் கேட்டால் ஆதரவு நபர் ஒருவரைத் தருவார்கள்.

தீர்ப்பு வந்ததும் கோப்பை மூடுவது

உதகை மறைமாவட்டத்தைச் சேர்ந்த குருவானவர் ஒருவர் அமெரிக்காவின் மினசோட்டாவில் பணியாற்றியபோது செய்த குற்றத்துக்காகத் தமிழ்நாட்டில் கைதாகி அங்கே அனுப்பப்பட்டார். 2015-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டனைக் காலம் முடிந்து ஊர் திரும்பினார். 2016-ல் மறைமாவட்டம் அவர் மீதான பணித்தடையை நீக்கியது. நாட்டின் நீதிமன்றம் தண்டித்துவிட்டால் திருச்சபையில் தானாக எல்லாம் நடந்துவிடும் என்று நினைக்காதீர்கள். விடுதலையானாலும் திருச்சபை விசாரணை தனியாக நடக்கலாம், அதற்கு நாம் கேட்க வேண்டும். தீர்ப்பின் நகலோடு ஆயருக்கு எழுதுங்கள். புகார் ஆயர் மீதே என்றால் பேராயருக்கும் டெல்லியில் உள்ள திருத்தந்தையின் தூதரகத்துக்கும் எழுதுங்கள். குற்றம் சாட்டப்பட்டவர் இப்போது எந்தப் பங்கில், எந்தப் பள்ளியில் இருக்கிறார் என்று பதில் கேளுங்கள்.

அந்த ஜூனியர் மறுநாளே அந்தப் பெண்ணோடு மகளிர் காவல் நிலையம் போனார். ஆயருக்கு எழுதிய கடிதத்தையும் சேர்த்தே கொடுத்தார்கள். "அப்போ எனக்கு அந்த வார்த்தையெல்லாம் எழுத வரல, கை நடுங்குச்சு" என்று அவள் சொன்னதை, அவள் சொன்னபடியே எழுதிக்கொண்டார் அந்தப் பெண் ஆய்வாளர்.